விழாமலே உடைந்த இடுப்பு எலும்பு

வாசகர் கேள்வி

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். என் மகனுக்கு வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறான். 100 மீட்டர், 200 மீட்டர் ஓடுபவன். பத்து நாளுக்கு முன் ஒரு போட்டியில் கிளம்பிய நாலாவது எட்டிலேயே வலது இடுப்பின் முன்பக்கம் 'டொக்' என்று ஏதோ விட்டுப்போயிற்றாம். விழவில்லை, யாரும் மோதவும் இல்லை. நொண்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டான். சுளுக்கு என்று நினைத்து, ஊரில் வழிப்பவரிடம் இரண்டு நாள் எண்ணெய் போட்டு வழித்தோம். வீக்கமும் வலியும் கூடிவிட்டன. எக்ஸ்ரே எடுத்தால், இடுப்பு எலும்பின் முன்முனை பிய்ந்து 8 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது என்கிறார்கள். ஒரு டாக்டர் ஓய்வு போதும் என்கிறார். இன்னொருவர் ஸ்க்ரூ போட்டால் சீக்கிரம் ஓடலாம் என்கிறார். தொடையின் வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துக் கிடக்கிறது என்றும் சொல்கிறான். விழாமலே எலும்பு எப்படி உடையும்? மூன்று வருடம் முன்பு என் அம்மாவுக்கும் இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. குடும்பத்திலேயே எலும்பு வீக் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவை நம்பியிருக்கிறோம். மறுபடி ஓடுவானா?

- பெயர் வெளியிட விரும்பாத தந்தை, தென்காசி மாவட்டம்

பதில்

அன்புள்ள ஐயா,

ஓடுவான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் படியுங்கள். 8 மில்லிமீட்டர் என்ற அளவு சரியாக இருந்தால் ஆபரேஷன் தேவைப்படாது என்பதுதான் என் கருத்து. ஆனால் இன்றிலிருந்து எண்ணெய், உருவல், வழிப்பு எதுவும் கூடாது. மூன்று மாதத்துக்கு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவும் கூடாது.

விழாமல் எலும்பு எப்படி உடையும் என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இடுப்பு எலும்பின் அமைப்பிலேயே இருக்கிறது. அது புரிந்துவிட்டால் ஏன் வழிக்கக் கூடாது, ஏன் ஸ்க்ரூ வேண்டாம், ஏன் தொடை மரத்தது எல்லாமே தானாகப் புரியும். உங்கள் உடம்பிலேயே தொட்டுப் பார்த்துக்கொண்டு வாருங்கள். பையன் மேல் தொட வேண்டாம், அவனுக்கு வலிக்கும்.

எழுந்து நின்று, வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு பக்கமும் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். தோலுக்கு அடியில் கெட்டியாக ஒரு விளிம்பு தட்டுப்படும். பெண்கள் குடத்தை வைப்பதும், குழந்தையை உட்காரவைப்பதும் இதன் மேல்தான். விரலை அந்த விளிம்போடு முன்பக்கமாக நகர்த்திக்கொண்டு வாருங்கள். விளிம்பு முடிகிற இடத்தில் ஒரு முண்டு கிடைக்கும். ஒல்லியான ஆட்களுக்குச் சட்டையைக் கழற்றினாலே தெரியும். பையனின் ரிப்போர்ட்டில் ஏ.எஸ்.ஐ.எஸ். என்று நாலு எழுத்து இருக்கும், பாருங்கள். அது இந்த முண்டுதான். பிய்ந்திருப்பதும் இதுவே.

அப்புறம், ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து, பிட்டத்துக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் கையை அழுத்துகிற கடினமான எலும்பு இருக்கும். நாம் உட்காருவது அந்த இரண்டின் மேல்தான். முன்பக்கம், அடிவயிறு முடிகிற இடத்தில் நடுவில் ஓர் எலும்பு தட்டுப்படும். இந்த மூன்றும்தான் இடுப்பு எலும்பின் மூன்று பகுதிகள். மேலே அகலமாக விரிந்திருப்பது இலியம், உட்காருவதற்கானது இஸ்கியம், முன்னால் இருப்பது பியூபிஸ். பிறக்கும்போது இவை தனித்தனியாக இருக்கும். தொடை எலும்பின் உருண்டைத் தலை வந்து பொருந்துகிற குழியில் மூன்றும் சந்திக்கின்றன. அங்கே ஆங்கில ஒய் எழுத்து வடிவில் ஒரு குருத்தெலும்பு நின்று மூன்றையும் பிரித்து வைத்திருக்கும். ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 முதல் 16 வயதுக்குள், பெண் பிள்ளைகளுக்கு அதைவிடச் சற்று முன்பாகவே, அந்தக் குருத்து எலும்பாகி மூன்றும் ஒன்றாகிவிடும். இப்படி வலப்பக்கம் ஓர் எலும்பு, இடப்பக்கம் ஓர் எலும்பு. இரண்டும் முன்னால் ஒன்றோடொன்று சேர்கின்றன. பின்னால் முதுகெலும்பின் அடிப்பகுதியோடு சேர்கின்றன.

உங்கள் அம்மாவின் கதையை இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து 'இடுப்பு எலும்பு உடைந்துபோச்சு' என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் உடைந்திருப்பது தொடை எலும்பின் மேல்பகுதி. இப்போது தொட்டுப் பார்த்தீர்களே, அந்த எலும்பு அல்ல. வயதாகி எலும்பில் அடர்த்தி குறைவதால் வருகிற முறிவு அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். 16 வயதுப் பையனின் முண்டு பிய்வதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, முண்டு ஏன் பிய்ந்தது?

இடுப்பு எலும்பில் தசை ஒட்டாத இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உள்பக்கத்துப் பள்ளத்தில் இருந்து கிளம்புகிற இலியாக்கஸ், முதுகெலும்பிலிருந்து வரும் இன்னொரு தசையோடு சேர்ந்து தொடையைத் தூக்குகிறது. மாடிப்படியில் காலை எடுத்து வைக்கும் வேலை அதனுடையது. வெளிப்பக்கத்தில் பிட்டத் தசைகள் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. பெரியது, குத்தவைத்து எழுந்திருக்கவும் மேடேறவும் உதவுகிறது. நடுவிலும் அடியிலும் இருப்பவை செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. நாம் ஒரு காலைத் தூக்கும்போது இடுப்பு அந்தப் பக்கம் சரிந்துவிடாமல், ஊன்றிய காலின் பக்கத்திலிருந்து இழுத்துப் பிடித்திருப்பவை இவைதான். இவை பலவீனமானால் ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு ஆடும். ஓட்டக்காரர்களுக்கு முழங்கால் வலி வந்தால் நாங்கள் முழங்காலோடு நிறுத்தாமல் இந்தத் தசைகளையும் சோதிப்பது அதனால்தான். மேல்விளிம்பில் வயிற்றுச் சுவரின் மூன்று தசைகளும் பிடித்திருக்கின்றன. அதன் பின்பகுதியில் முதுகுத் தசைகள் வந்து சேர்கின்றன. பியூபிஸில் தொடைகளை உள்பக்கமாகச் சேர்க்கும் தசைகள் ஒட்டுகின்றன. உட்காரும் எலும்பிலிருந்து தொடையின் பின்பக்கத் தசைகள் கிளம்புகின்றன. கிரிக்கெட் வர்ணனையில் அடிக்கடி காதில் விழுகிற 'ஹாம்ஸ்ட்ரிங்' அவைதான்.

நம் முண்டுக்கு வருவோம். அதிலிருந்து முக்கியமாக இரண்டு தசைகள் கிளம்புகின்றன. ஒன்று சார்டோரியஸ். நம் உடம்பிலேயே நீளமான தசை இது. முண்டிலிருந்து புறப்பட்டு, தொடையின் முன்பக்கமாகக் குறுக்கே சாய்ந்து இறங்கி, முழங்காலைத் தாண்டி அதன் உள்பக்கத்தில் கால் எலும்பில் போய் ஒட்டுகிறது. சம்மணம் போட்டு உட்காரும்போது தொடை உயர்ந்து, வெளிப்பக்கம் திரும்பி, முழங்கால் மடங்குகிறது அல்லவா? இந்த மூன்று அசைவுக்கும் அது துணைபோகும். இன்னொன்று டென்ஸர் ஃபேஸியா லேட்டா. இது முண்டிலிருந்தும் அதை ஒட்டிய விளிம்பிலிருந்தும் கிளம்பித் தொடையின் வெளிப்பக்கம் இறங்கும். முண்டுக்குக் கொஞ்சம் கீழே, கையில் தட்டுப்படாத ஆழத்தில், இன்னொரு முண்டு இருக்கிறது. தொடையின் முன்பக்கத் தசைக்கட்டில் இடுப்பையும் முழங்காலையும் ஒருசேரக் கடக்கும் ரெக்டஸ் ஃபெமோரிஸ் அங்கிருந்து கிளம்புகிறது.

இனி ஓட்டத்தைக் கவனியுங்கள். பிளாக்கில், அதாவது ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றும் பலகையில், காலை உதைத்துக் கிளம்பும்போது பின்னால் இருக்கும் காலின் இடுப்பு மூட்டு பின்பக்கமாக நன்றாக விரிகிறது, முழங்காலும் நீள்கிறது. சார்டோரியஸ் இரண்டு முனையிலும் இழுபட்டு நிற்கிறது. அடுத்த கணமே அந்தக் கால் முன்னே வர வேண்டும். அதற்காக, நீண்டு கிடக்கும் அதே தசை முழு வேகத்தில் சுருங்குகிறது. சுருக்கத்தின் மொத்த இழுவையும் ஒரு சிறு முண்டின் மேல் வந்து விழுகிறது. கீழே விழ வேண்டியதே இல்லை. தன் தசையே போதும்.

உங்களுக்கோ எனக்கோ இதே இழுவை வந்தால் பெரும்பாலும் தசை கிழியும், எலும்பு நிற்கும். உங்கள் மகனின் வயதில் நிலைமை தலைகீழ். இடுப்பு எலும்பின் மூன்று பெரிய பகுதிகள் ஒன்றான பிறகும் அதன் ஓரங்களில் வளர்ச்சி முடிந்திருக்காது. மேல்விளிம்பு, முன்முண்டுகள், உட்காரும் எலும்பு என்று தசைகள் பலமாகப் பிடித்திருக்கிற இடங்களில் எல்லாம் 13, 14 வயதில் புதிதாகச் சிறு எலும்புத் துண்டுகள் தோன்றும். அவற்றுக்கும் தாய் எலும்புக்கும் நடுவே ஒரு வளர்ச்சிக் குருத்து இருக்கும். சில இடங்களில் 17, 18 வயதிலும், சில இடங்களில் 20 தாண்டி 25 வரைக்கும்கூட அது முழுதாக எலும்பாக மாறாது. வயதைச் சரிபார்க்கிற சட்ட மருத்துவத்தில் மேல்விளிம்பை எக்ஸ்ரே எடுப்பது இதற்காகத்தான். பையன் வேகமாக வளர்கிற இந்த வருடங்களில் தசை பெரியவர்களின் பலத்துக்கு வந்துவிடுகிறது, குருத்து இன்னும் குழந்தையின் குருத்தாகவே இருக்கிறது. ஈர மண்ணில் செடியைப் பிடுங்கினால் வேர் அறாமல் மண்கட்டியோடு வருமே, அப்படித்தான் தசை அறாமல் எலும்புத் துண்டோடு வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் அவல்ஷன் என்று போட்டிருப்பது இதையே.

ஆகவே இது எலும்பு பலவீனத்தின் அடையாளமல்ல. கால்சியம் குறைவு காரணமுமல்ல. பால், கேழ்வரகு, முட்டை, மீன் எல்லாம் கொடுங்கள், நல்லதுதான். கால்சியம் மாத்திரையை நம்பி ஓய்வைக் குறைத்துவிடாதீர்கள்.

எந்த விளையாட்டில் எந்த முனை பிய்யும் என்பதற்குக்கூட ஓர் ஒழுங்கு உண்டு. ஓட்டத்தில் கிளம்பும்போது மேல்முண்டு. பந்தை ஓங்கி உதைக்கும்போது, இடுப்பு பின்னால் விரிந்து முழங்கால் மடங்கியிருப்பதால் ரெக்டஸ் ஃபெமோரிஸ் இழுபட்டுக் கீழ்முண்டு. தடை தாண்டும்போதும், ஜிம்னாஸ்டிக்ஸில் காலை அகட்டி உட்காரும்போதும் ஹாம்ஸ்ட்ரிங் இழுபட்டு உட்காரும் எலும்பு. இத்தாலிய மருத்துவர்கள் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், விளையாடும் இளவயதினரின் இப்படிப்பட்ட 203 இடுப்பு முறிவுகளைத் தொகுத்திருந்தார்கள். 109 உட்காரும் எலும்பில், 45 கீழ்முண்டில், 39 உங்கள் மகனுக்கு வந்த மேல்முண்டில். கால்பந்தும் ஜிம்னாஸ்டிக்ஸும் ஆடியவர்களே அதிகம். உங்கள் மகனுக்கு வந்தது அபூர்வ நோயல்ல. நம் ஊர்களில் பாதிப் பேர் எக்ஸ்ரே எடுக்காமல் 'தசை பிடிப்பு' என்று சொல்லிக்கொண்டே குணமாகிவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அவனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். போட்டிக்கு முன் இரண்டு மூன்று வாரமாக அதே இடத்தில் மந்தமாக வலித்ததா? பயிற்சி முடிந்த பிறகு வலித்து, காலையில் சரியாகிவிட்டதா? நிறையப் பிள்ளைகள் ஆமாம் என்பார்கள். குருத்து பிய்வதற்கு முன் கொடுக்கும் முன்னறிவிப்பு அது. பள்ளி பி.டி. மாஸ்டரிடம் இதைச் சொல்லுங்கள். 13 முதல் 17 வயதுப் பிள்ளை இடுப்பு முனையில் விரலை வைத்து 'இங்கே வலிக்கிறது சார்' என்றால், அவனை ஸ்டார்ட் பயிற்சியிலிருந்து இரண்டு வாரம் நிறுத்திவைப்பது நல்லது. எந்த மாஸ்டரும் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட மாட்டார், தெரியும்.

வழித்த விஷயம். அந்தப் பெரியவரைத் திட்டாதீர்கள், அவர் தெரிந்ததைச் செய்தார். ஆனால் தொட்டுப் பார்த்து சுளுக்கையும் முறிவையும் பிரித்துவிட முடியாது, என்னாலும் முடியாது. பிய்ந்த இடத்தில் இரத்தம் கசிந்து கட்டியிருக்கும். அதை அழுத்தி உருவும்போது கசிவு கூடுகிறது, துண்டு மேலும் விலகலாம். இதைவிட எனக்குப் பயம் வேறொன்று. அடிபட்ட தசையைத் திரும்பத் திரும்ப உருவினால், அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு படிந்துவிடுகிற ஒரு சிக்கல் உண்டு. முழங்கை முறிவுக்கு எண்ணெய் போட்டு உருவி, கை மடங்காமல் வருகிற குழந்தைகளை எலும்பு மருத்துவர்கள் எல்லோருமே பார்த்திருப்போம். இரண்டு நாளோடு நிறுத்தினீர்கள், நல்லது. பாட்டி வைத்தியம் எதற்கும் எதிரியல்ல நான். இந்த முண்டுக்கு மட்டும் யார் கையும் படக் கூடாது.

ஸ்க்ரூ போடச் சொன்ன டாக்டரும் தப்பாகச் சொல்லவில்லை. இதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. துண்டு 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசிப்பது பொதுவான வழக்கம். சிலர் ஒன்றரை சென்டிமீட்டரிலேயே யோசிப்பார்கள். ஓய்வெடுத்தும் மாதக்கணக்கில் ஒட்டாமல் வலி தொடர்ந்தாலும் செய்வோம். உயர்மட்டத்தில் விளையாடுபவர்களுக்குச் சில வாரங்கள் மிச்சமாகும் என்று செய்பவர்களும் உண்டு. உங்கள் மகனுக்கு 8 மில்லிமீட்டர்தான். இந்த முண்டில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் நன்றாகவே ஒட்டிவிடும். மயக்க மருந்து, தழும்பு, கிருமித் தொற்று, பின்னால் ஸ்க்ரூவை எடுக்க வேண்டிவருமோ என்ற கேள்வி, எல்லாவற்றையும் அந்தச் சில வாரங்களுக்கு எதிரே வைத்துப் பார்த்தால் எனக்கு ஆபரேஷன் பக்கம் மனம் போகவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உங்கள் அடுத்த கேள்வியிலேயே இருக்கிறது.

தொடை ஏன் மரத்தது? முண்டிலிருந்து பியூபிஸ் வரை, வயிறும் தொடையும் சேரும் மடிப்பில், கெட்டியான ஒரு நார் ஓடுகிறது. அந்த நாருக்கு அடியில், முண்டை ஒட்டினாற்போல் உள்பக்கமாக, ஒரு மெல்லிய நரம்பு தொடைக்கு இறங்குகிறது. தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி கொடுப்பது மட்டுமே அதன் வேலை. எந்தத் தசையையும் அது இயக்குவதில்லை. முண்டு பிய்ந்த வீக்கம் அதை அழுத்தியிருக்கிறது. வழித்ததும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம். பெல்ட்டையும் ஜீன்ஸையும் இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதே இடத்தில் இதே நரம்பு நசுங்கி எரிச்சலும் மரப்பும் வருவதுண்டு. பையனுக்கு வீக்கம் வடிய வடியச் சில வாரங்களில் சரியாகும். சிலருக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அதுவரை தளர்வான அரைக்கால் சட்டை, லுங்கி போதும். ஆபரேஷனுக்குத் திறக்கும்போது இந்த நரம்பு பாதையிலேயே குறுக்கே நிற்கிறது. அதுதான் நான் சொன்ன இன்னொரு காரணம். கால் பாதத்தைத் தூக்க முடியவில்லை, கால் பலமிழந்து மடங்குகிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி செய்ய வேண்டியது. மாவுக்கட்டு இந்த இடத்துக்குப் போட மாட்டோம். தசை தளர்ந்திருக்கும்படி வைப்பதே இங்கே கட்டு. படுக்கும்போது வலது முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள், தொடை கொஞ்சம் உயர்ந்து சார்டோரியஸ் தளரும். அடிபட்ட நாளிலிருந்து மூன்று நான்கு வாரம் வரை இரண்டு அக்குள் கட்டை வைத்து, வலது காலை லேசாக மட்டும் ஊன்றி நடக்கட்டும். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். இந்த மூன்று நான்கு வாரமும் தரையில் சம்மணம் போட வேண்டாம். அது அந்தத் தசையின் சொந்த வேலை என்று மேலே பார்த்தோம். சாப்பாடு நாற்காலியில். வீட்டில் குத்தவைக்கும் கழிப்பறைதான் என்றால் கம்மோடு நாற்காலி ஒன்று வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் பின்னால் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது கூடவே கூடாது. பள்ளிக்குப் போகலாம், ஆட்டோவில். வலிக்கு உங்கள் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை போதும். மருந்துக்கடையில் கேட்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆபத்தான காலம் மூன்றாவது, நான்காவது வாரம். வலி அநேகமாகப் போயிருக்கும், எலும்பு இன்னும் கூடியிருக்காது. 'எனக்கு ஒண்ணுமே இல்லப்பா' என்று அவன் மைதானத்துக்குக் கிளம்புகிற நாள் அதுதான். திரும்ப இழுத்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும் அந்த வாரத்தில் ஓடியவர்கள். நாலாவது வாரத்துக்கு மேல் கட்டையை விட்டுச் சாதாரண நடை. வலிக்காத அளவுக்கு இடுப்பை மடக்கி நீட்டும் பயிற்சி. கிணறோ குளமோ பக்கத்தில் இருக்கிறது, நீந்தட்டுமா என்பீர்கள். குதிக்காமல், மார்பளவுத் தண்ணீரில் நடக்கலாம். தவளை நீச்சல் வேண்டாம்.

ஆறாவது வாரம் மறுபடி எக்ஸ்ரே. இடைவெளியில் புது எலும்பு தெரிந்தால் பிசியோதெரபிஸ்ட் துணையோடு பலப்படுத்தும் பயிற்சிகள் தொடங்கலாம். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கிப் பிடிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து எழுவது. முன்பக்கத் தசையை மட்டும் கவனித்து, இடுப்பைச் சரியாமல் பிடிக்கிற அந்தப் பக்கத் தசைகளை விட்டுவிடுவது பலர் செய்கிற தவறு. எட்டாவது வாரம் தாண்டி மெதுவோட்டம். பத்து, பன்னிரண்டு வாரத்தில், நீட்டிய காலை மேலே தூக்கச் சொல்லி நாம் கையால் அழுத்தும்போது வலி இல்லை, இரண்டு காலுக்கும் பலம் சமம், ஒற்றைக் காலில் குதித்தால் வலி இல்லை என்றால் வேக ஓட்டம். பிளாக் ஸ்டார்ட்டை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். எலும்பு பிய்ந்தது எந்த அசைவில் என்பதை நினைவில் வைத்தால் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரக் கணக்கெல்லாம் தோராயம்தான். அவனைக் கையில் வைத்துப் பார்க்கிற உங்கள் டாக்டர் மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதே சரி.

கோட்டா விஷயத்தில் இந்த சீசன் போனது போனதுதான். பிளஸ் டூவில் முழு சீசன் இருக்கிறது. இப்போது அவசரப்பட்டால் அதுவும் போகும்.

இதைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 10 முதல் 16 வயதுப் பிள்ளை, குறிப்பாகக் கொஞ்சம் குண்டான பிள்ளை, இடுப்பு அல்லது தொடை வலிக்கிறது என்று நொண்டினால், சில சமயம் முழங்கால் மட்டுமே வலிக்கிறது என்று சொன்னாலும், இடுப்பை எக்ஸ்ரே எடுக்காமல் விடாதீர்கள். தொடை எலும்பின் தலை தன் வளர்ச்சிக் குருத்தில் நழுவியிருக்கலாம். அதற்கு ஓய்வு போதாது, உடனே ஆபரேஷன் வேண்டும். காய்ச்சலோடு இடுப்பு வலி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கிற வலி, இவையும் தள்ளிப்போடக் கூடாதவை. வளர்ச்சி முடிந்த பெரியவர்களுக்குப் பெரிய இழுவை எதுவும் இல்லாமலே இப்படி எலும்பு பிய்ந்தால் நாங்கள் உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று தேடுவோம். பையனின் கதை அதில் சேராது.

கடைசியாக, அந்த முதல் எக்ஸ்ரே ஃபிலிமைப் பத்திரமாக வையுங்கள். ஒட்டும்போது முண்டைச் சுற்றி நிறையப் புது எலும்பு படியும். சில பேருக்கு அது கையில் தட்டுப்படுகிற மேடாகவே தங்கிவிடும், தொந்தரவு இருக்காது. ஆனால் சில வாரங்களோ மாதங்களோ கழித்து வேறு காரணத்துக்காக எக்ஸ்ரே எடுக்கும்போது, பழைய கதை தெரியாத ஒருவர் அந்த மேட்டைப் பார்த்தால் எலும்புக் கட்டி என்று சந்தேகப்பட இடமிருக்கிறது. ஸ்கேன், திசுச் சோதனை (பயாப்சி) என்று வீண் அலைச்சலும் பயமும் வரும். பிய்ந்த தேதியை அந்த உறையின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஆறாவது வாரம் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.